மீதி இருந்த 21 மாதம்

2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். சேலம் சூரமங்கலத்தில் ஜங்ஷன் மெயின் ரோட்டிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே தள்ளி இருந்த என் பேக் கடையில் உட்கார்ந்து, பில் புக்கின் பின்னட்டையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஒரே ஒரு டிபன் பேக் விற்றிருந்தது. பள்ளிக்கூடம் திறந்த சீசன் முடிந்துவிட்டது. அடுத்து கார்த்திகையில் மாலை போட்டு சபரிமலைக்குக் கிளம்புகிறவர்கள் ஜங்ஷனுக்கு வரும் வரை பெரிய வியாபாரம் கிடையாது.

கணக்கு இதுதான். ஒரு நாளைக்குச் சராசரி விற்பனை 2,500 ரூபாய், மாதம் 75,000. பேக் வியாபாரத்தில் எனக்கு நின்றது நூற்றுக்கு 25, அதாவது 18,750. செலவைப் பார்த்தால் வாடகை 16,000, கரண்ட் 1,800, உதவிக்கு இருந்த பெண்ணுக்குச் சம்பளம் 9,000. மொத்தம் 26,800. மாதா மாதம் எட்டாயிரம் ரூபாயை வீட்டிலிருந்து எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். எனக்கென்று சம்பளம் எதுவும் அதில் இல்லை.

அந்த எட்டாயிரம் எனக்கு முன்னாலேயே தெரியும். தெரியாமல் இருந்தது அதற்கு அடுத்த வரி. அக்ரிமெண்ட் மூன்று வருடத்துக்கு. 2023 ஏப்ரலில் ஆரம்பித்து 15 மாதம் முடிந்திருந்தது. மீதி 21 மாதம். எட்டாயிரத்தை 21-ஆல் பெருக்கினால் 1,68,000. நான் கொடுத்திருந்த அட்வான்ஸ் 1,60,000.

அந்த இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "அட்வான்ஸ் போயிருமே" என்ற ஒரே பயத்தில்தான் ஆறு மாதமாகக் கடையை இழுத்துக்கொண்டிருந்தேன். அட்வான்ஸ் முழுவதையும் அப்படியே விட்டுவிட்டு அன்றைக்கே ஷட்டரை இறக்கியிருந்தால்கூட, கடைசி வரை நடத்துவதைவிட எட்டாயிரம் மிச்சம். ஒரு பைசாகூடத் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டாலே இந்தக் கணக்கு!

கடை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்று ராத்திரியே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். மீதி மாதம், மாத நஷ்டம், கொடுத்த அட்வான்ஸ், இந்த மூன்று எண் போதும்.

எனக்கு அந்த அட்வான்ஸ் பயம் வந்ததற்கு என் சித்தி பையனும் ஒரு காரணம். அவன் ஐந்து ரோடு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தான். ஈரடுக்கு மேம்பால வேலை நடந்த வருடங்களில் கடை முன்னால் வண்டி நிறுத்த முடியவில்லை, ஆள் வரத்து குறைந்தது. பாலம் முடியட்டும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தான். பாலத்தை 2020 ஜூனில் திறந்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் மார்ச்சிலேயே ஊரடங்கு வந்துவிட்டது. வாடகை கொடுக்க முடியாத மாதங்களில் ஓனரிடம் அவன் சொன்னது, நம் ஊரில் எல்லாரும் சொல்வதுதான்: "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க."

அந்த ஒரு வார்த்தையில் அவன் கையிலிருந்த பிடி மொத்தமும் போனது. அட்வான்ஸ் கரையக் கரைய, அவனுக்குப் பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை. கடைசியில் அட்வான்ஸும் தீர்ந்து, பாக்கியும் நின்று, உள்ளே இருந்த ஷோகேஸைக்கூட எடுக்க முடியாமல் வெளியே வந்தான்.

ஊரடங்கில் கடையே திறக்கவில்லையே, அந்த மாதங்களுக்கு வாடகை எப்படிக் கேட்கலாம் என்று அவன் இன்றைக்கும் கேட்பான். கேள்வி நியாயமானது. ஆனால் அதே கேள்வியை டெல்லி கான் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1975-இல் மாதம் 300 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்த கடை. வெளியேற்ற வழக்கு நடந்துகொண்டிருக்கையில், மாதம் மூன்றரை லட்சம் கட்டிக்கொண்டு கடையில் இருக்கலாம் என்பது உத்தரவு. ஊரடங்குக் காலத்துக்கு அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டார்கள். 2020 மே 21 அன்று தீர்ப்பு வந்தது. கட்டுவதற்குக் கொஞ்சம் தவணை கொடுத்தார்கள், தள்ளுபடி கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட இடர் வந்தால் வாடகை கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது வேறு. எழுதவில்லை என்றால், கடையை வைத்துக்கொண்டே வாடகையை மட்டும் நிறுத்த முடியாது என்பதுதான் அதன் சாரம்.

எனக்குத் தெரிந்த வக்கீல் அண்ணன் ஒருவரிடம் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனபோது அவர் இதைத்தான் முதலில் சொன்னார். வியாபாரம் படுத்துவிட்டது என்பது வாடகை ஒப்பந்தத்தை முறிக்கச் சட்டக் காரணம் ஆகாது. செய்ய முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தில் 56-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் கடையை ஒப்படைத்து நடந்துகொண்டிருக்கும் வாடகைக்கு அது பொருந்தாது என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீ, வெள்ளம் மாதிரி ஏதாவது வந்து கட்டடமே நிரந்தரமாகப் பயன்படாமல் போனால், 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவைக் காட்டி வெளியே வரலாம். ஆள் வராததற்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது.

சிங்கப்பூரில் 2024 பிப்ரவரியிலிருந்து கடை வாடகைக்கென்றே ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. கடைக்காரர் எந்தெந்த நிலைமையில் பாதியில் வெளியேறலாம் என்பதைக்கூட அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே செராங்கூன் ரோட்டில் கடை வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு அந்த வசதி உண்டு. நமக்கு, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

என் பத்திரத்தில் ஒன்பதாவது ஷரத்தில் எழுதியிருந்தது இது: முதல் 24 மாதத்துக்குள் காலி செய்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதோடு இரண்டு மாத வாடகையை ஓனர் பிடித்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அந்த வரியை நான் வாசிக்கவே இல்லை. மனசு முழுக்கக் கடைக்கு என்ன பேர் வைப்பது, எந்தப் பக்கம் ரேக் போடுவது என்பதிலேயே இருந்தது. இப்போது வாசித்துப் பார்த்தால், நான் பயந்த அளவுக்கு அது ஒன்றும் இல்லை. மூன்று மாதமும் இரண்டு மாதமும், ஆக ஐந்து மாதம். 80,000. முழு அட்வான்ஸில் பாதி. வக்கீல் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். இப்படி எழுதிய தொகை ஓர் உச்சவரம்புதான். விவகாரம் கோர்ட்டுக்குப் போனால் அதற்குள் நியாயமான ஈட்டுத்தொகை எவ்வளவோ அதைத்தான் கொடுக்கச் சொல்வார்கள், ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு. "ஆனா கோர்ட்டுக்குப் போற வேலை இல்லம்மா இது. போய்ப் பேசு. ஆடி பொறக்கறதுக்குள்ள பேசு" என்றார்.

ஆடி என்று அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊரே அம்மன் பேரில்தான் இருக்கும். புதுக்கடை திறக்க யாரும் துணிய மாட்டார்கள். அந்த மாதத்தில் காலி செய்தால் ஓனருக்குக் கடை சும்மாதான் கிடக்கும். ஆனியில் சொல்லி, ஆடியில் ஆள் தேடி, ஆவணியில் கை மாற்றினால் இரண்டு பக்கமும் நஷ்டம் குறைவு. நம் ஊரில் நோட்டீஸ் கொடுக்கும் தேதியை இங்கிலீஷ் காலண்டரோடு தமிழ்க் காலண்டரையும் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஜூலை 1, திங்கட்கிழமை சாயங்காலம் ஓனர் வீட்டுக்குப் போனேன். ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். சூரமங்கலத்தில் தெருவுக்கு நாலு பேர் அப்படி இருப்பார்கள், ஜங்ஷன் அங்கே இருப்பதால். கையில் இரண்டு காகிதம் வைத்திருந்தேன். ஒன்று நோட்டீஸ் கடிதம், இன்னொன்று அதன் நகல். அதற்கு முன்னால் ஜூன் மாத வாடகையையும் அனுப்பிவிட்டுத்தான் போனேன்.

"ஐயா, ஒரு விசயம் பேசணுங்க. கடை ஓட மாட்டேங்குது. விட்டறலாம்னு இருக்கேனுங்க."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "என்னம்மா இப்படிச் சொல்ற? மூணு வருசம்னுதான எழுதினோம். நானும் அதை நம்பித்தான உக்காந்திருக்கேன்."

"தெரியுங்கய்யா. அதனாலதான் மூணு மாசத்துக்கு முன்னாடியே வந்து சொல்றேன்."

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவர் சம்சாரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். அந்த அம்மாதான் சொன்னார்: "அட்வான்ஸ் பணம் இப்ப கைல இல்ல சாமி. பொண்ணு கல்யாணத்துல போட்டாச்சு."

எனக்கு அன்றைக்குத்தான் இந்த விஷயத்தின் அடி விளங்கியது. ஓனருக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லாத பயம் அவருக்கு. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸை வாங்கி யாரும் பேங்கில் தனியாகப் போட்டு வைப்பதில்லை. அது கல்யாணத்துக்கும், மாடி கட்டவும், காலேஜ் பீஸுக்கும் போய்விடும். புதிதாக வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸ்தான் பழையவருக்குத் திரும்பிப் போகும் பணம். இது இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருத்தர் பாதியில் எழுந்தால் சுற்று நின்றுவிடுகிறது, ஓனர் வாய் அடைத்துப் போகிறார், அடைத்த வாய் கோபமாக வெளியே வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் நம் மாநில வாடகைச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தகராறு என்றால் வாடகை அதிகாரியிடம் போகலாம். துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். மூன்று மாதம் என்ற அந்த வரம்பு எல்லாக் கடைத்தெருவிலும் நடைமுறைக்கு வந்துவிட வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். என் 1,60,000-க்குப் பதில் 48,000 மட்டும் அவரிடம் இருந்திருந்தால், நானும் ஆறு மாதம் முன்பே எழுந்திருப்பேன், அவருக்கும் அந்த ராத்திரி தூக்கம் போயிருக்காது.

அன்றைக்கு நான் சட்டம் பேசவில்லை. "ஆளு நானே தேடித் தர்றேனுங்கய்யா. உங்களுக்குப் பிடிச்சா மட்டும் விடுங்க. அவங்க குடுக்கற அட்வான்ஸ்ல எனக்குத் திருப்பிக் குடுங்க" என்றேன். அவர் முகம் அப்போதுதான் இளகியது. நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கையெழுத்து முக்கியம். வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால், மூன்று மாதம் என்றைக்கு ஆரம்பித்தது என்பதற்கே சாட்சி இருக்காது.

ஓனருக்குத் தெரியாமல் நாமே யாருக்காவது உள்வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்புவது வேறு. நம் மாநிலச் சட்டப்படி ஓனர் எழுத்தில் சம்மதிக்காமல் அது கூடாது. நான் செய்தது ஆளைக் கொண்டுவந்து அவர் முன்னால் உட்கார வைத்தது மட்டும்தான்.

ஆடி முழுக்க ஆள் தேடினேன். ஷட்டரில் ஒரு போர்டு, ஜங்ஷன் பக்கம் இரண்டு டீக்கடையில் சொல்லி வைத்தது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். முதலில் வந்தவர் சில்லி சிக்கன் போட நினைத்தவர். மாடியில் குடியிருப்பதால் புகை ஆகாது என்று ஓனர் மறுத்துவிட்டார். அடுத்தவர் வாடகையை 12,000 ஆக்கச் சொன்னார். மூன்றாவதாக வந்தது, பி.பார்ம் படித்த ஒரு பெண், மருந்துக்கடை வைக்க. ஸ்டூல் போட்டு உட்காரக்கூட இல்லை, பையிலிருந்து டேப் எடுத்து அளந்தாள். மருந்துக்கடை லைசென்ஸுக்குக் கடை பத்துச் சதுர மீட்டராவது இருக்க வேண்டும், நம் கணக்கில் நூற்றேழு சதுர அடி சொச்சம். என் கடை பத்துக்குப் பதினாலு, 140 சதுர அடி. "சரியா இருக்குங்கக்கா" என்று அவள் சொன்னபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. லைசென்ஸ் விண்ணப்பத்தோடு அவள் பேரில் வாடகைப் பத்திரம் வைக்க வேண்டும். என் பத்திரமோ பதிவு செய்தது, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை என்பதால் பதிந்துதான் ஆக வேண்டியிருந்தது. அது வில்லங்கச் சான்றில் 2026 மார்ச் வரை நிற்கும். அது நிற்கையில் அதே கடைக்கு இன்னொரு பத்திரம் எழுதினால் நாளைக்குக் குழப்பம். அதனால் ஓனரும் நானும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், இரண்டு பேரும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று ரத்துப் பத்திரம் எழுதிப் பதிந்தோம். எவ்வளவு பிடித்தம், எவ்வளவு எப்போது திருப்பித் தருவது என்பதையும் அதிலேயே எழுதினோம்.

பதினோரு மாத அக்ரிமெண்டில் இருப்பவர்கள் இந்த அலைச்சல் இல்லை என்று நினைக்கலாம். அவர்களும் ஒரு வெள்ளைத்தாளிலாவது இதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்பது நம் நினைப்பு. ஆறு மாதம் கழித்து "நீ பாதியில ஓடிப்போனவதான" என்று ஒரு பேச்சு வந்தால், காட்டக் காகிதம் வேண்டும்.

கணக்கு இப்படி முடிந்தது. ஜூலை, ஆகஸ்ட் வாடகையை நான் கடையில் இருந்தே கொடுத்துவிட்டேன். மூன்று மாத நோட்டீஸில் மிச்சம் செப்டம்பர், அதற்கு ஓனர் 16,000 பிடித்தார். பெயிண்டுக்கு 4,000. இரண்டு மாதப் பிடித்தம் 32,000-ஐ அவர் கேட்கவே இல்லை. "ஆளைக் கூட்டியாந்து விட்டுட்டியே, அதையும் எதுக்கு வாங்கறது" என்றார். 1,40,000 எனக்கு. அதில் ஒரு லட்சம் சாவி கொடுக்கும் அன்று, 40,000 புரட்டாசி முடிவதற்குள்.

ஆகஸ்ட் கடைசி வாரம் முழுக்கக் காலி செய்யும் வேலை. ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்வதாக இருந்தால், வரிக் கழிவு எடுத்த சரக்கு மிச்சம் இருக்கும் அளவுக்கு அந்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் ஆடியிலேயே தள்ளுபடி என்று போர்டு போட்டு முடிந்த அளவு விற்றுவிட்டேன். கடையின் முதல் நாளிலிருந்து அந்த அளவுக்குக் கூட்டம் பார்த்ததில்லை. ரேக்கைக் கழற்றினோம். நாம் பொருத்தியதை, காலி செய்வதற்குள், சுவரைப் பழையபடி ஆக்கிவிட்டு எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. சாவி கொடுத்த பிறகு போய்க் கேட்டால் அது மனத்தாங்கல். ட்ரில் போட்ட ஓட்டைகள் நாற்பத்தி ரெண்டு. என் வீட்டுக்காரர் ஒயிட் சிமெண்டைக் குழைத்து ஒவ்வொன்றாக அடைத்தார். ஈபி மீட்டரை போட்டோ எடுத்து, ஓனருக்கும் அனுப்பி, பில் வராத நாட்களுக்கு யூனிட் கணக்குப் போட்டுப் பணத்தைக் கையில் கொடுத்தோம்.

கடைசியாகப் பெயர்ப் பலகையை இறக்கினோம். அதற்குப் பின்னால் இருந்த சுவர் 17 மாதத்துக்கு முன்பு அடித்த மஞ்சளாகவே பளிச்சென்று இருந்தது, சுற்றிலும் வெயிலில் வெளுத்திருந்தது. பலகை அளவுக்கு ஒரு நீளச் சதுரம். அதைப் பார்த்தபோது மட்டும் எனக்குத் தாங்கவில்லை. தெருவில் நின்று அழுதேன். எதிர்க்கடை இஸ்திரி அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, எதுவும் பேசாமல் பலகையின் இன்னொரு முனையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாவி கை மாறுவதில் எனக்கு மனசில்லை, சனிக்கிழமை வாங்க ஓனருக்கு மனசில்லை. செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடுத்தேன். விளக்கேற்றி, லட்சுமி படத்தை எடுத்துக்கொண்டு, ஷட்டரின் இரண்டு பக்கப் பூட்டையும் பூட்டி, நான்கு சாவியை அவர் கையில் வைத்தேன். நான்கு சாவி பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கினேன். மருந்துக்கடைப் பெண்ணின் அப்பா அங்கேயே அட்வான்ஸை ஓனருக்கு அனுப்பினார், ஓனர் அங்கேயே எனக்கு ஒரு லட்சத்தை அனுப்பினார். மூன்று போனிலும் அடுத்தடுத்து மெசேஜ் சத்தம் கேட்டது. வியாழக்கிழமை அவள் பால் காய்ச்சினாள், என்னையும் கூப்பிட்டிருந்தாள், போனேன்.

மீதி 40,000 ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் வந்தது. போனில் அனுப்பாமல் ஓனரே டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வீடு தேடி வந்து, இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். ரசீது எழுதினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். "பாக்கி ஏதுமில்லை" என்ற இடத்தில் விரலை வைத்து, "இதுக்குக் கீழ நீயும் போடும்மா, நானும் போடறேன்" என்றார். இரண்டு பேரும் போட்டோம்.